இரண்டாவது முறை கூப்பிடும்போது

பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே அப்பா இனிப்பு வாங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையே அவசர வேலையாக இருந்தும்.

அப்பா ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஊரில் எந்தச் சந்து எங்கே முட்டும், எந்தத் திருப்பத்தில் வண்டி குலுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டாக்டர்களைப் பற்றி அதைவிட அத்துப்படி. யாருக்குச் சட்டென்று கோபம் வரும், யார் டிரைவரையும் உட்காரச் சொல்லிப் பேசுவார் என்று சாப்பிடும்போது கதை சொல்வார். சொல்லி முடித்ததும் மகளைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச வருஷம்தான். அப்புறம் நான் ஏத்திட்டு வர்றவங்களை நீதான் பாக்கணும்" என்பார். இதை வீட்டில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளிக்கூடச் சுவரில் முடிவுகளை ஒட்டினார்கள். அவள் தேறியிருந்தாள். தேறியது மட்டும்தான். உயிரியல் சுமார். இயற்பியலில் தலை தப்பியிருந்தது. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியாகத்தான் போக முடியும்.

அப்பா வீட்டுக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த அட்டைப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த வண்டியைக் கழுவப் போனார்.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. சில நாள் கழித்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அம்மா துடைப்பத்தோடு நின்று அதைப் பார்த்தாள்.

"டாக்டர் வீட்டு இனிப்பு. எறும்புக்காவது கொடுத்து வச்சிருக்கே."

மகள் எழுந்து பெட்டியை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டாள். அப்பா திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பாள். அவர் திட்டவில்லை. அதனால் அது முடியவும் இல்லை.

சட்டம் என்ற பேச்சை எடுத்தவர் சித்தப்பா. நீதிமன்ற வாசலில் மரத்தடியில் மேசை போட்டு, தட்டச்சு இயந்திரத்தில் மனு அடித்துக் கொடுப்பவர்.

"சட்டம் படிக்க வைங்கண்ணே. அங்க இடம் இருக்கு. இந்த மார்க்குக்கு வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுவாங்க."

"பொய் பேசுற தொழிலாச்சேடா."

"வீட்ல பேசுறதை அங்க போய்ப் பேசட்டும்" என்றாள் அம்மா. "இங்க நான் ஒருத்தி கேட்டு என்ன பிரயோஜனம்? அங்க ஜட்ஜாவது கேப்பாரு."

கடைசியில் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"அதுக்கும் கோட்டு உண்டில்ல?"

"உண்டுண்ணே. நிறம்தான் வேற."

அவள் ஆசைப்பட்டுச் சட்டம் படிக்கப் போகவில்லை. மழைக்குத் திறந்திருந்த வீட்டில் ஒதுங்குவதுபோல அதற்குள் போனாள். ஆனால் உள்ளே போன பிறகு இடம் பிடித்துப்போனது. இது நடந்ததால் அது நடந்தது என்று அடுக்கும் வேலை இயற்பியலில் பிடிபடவில்லை, சட்டத்தில் பிடிபட்டது. ஒவ்வொரு வருடமும் நன்றாகவே தேறினாள். அப்பாவிடம் வந்து சொல்வாள். "நல்லதும்மா" என்பார். இனிப்பு வாங்கவில்லை. அவர் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை.

படித்து முடித்து ஒரு சீனியரிடம் சேர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசும் பெண்மணி. நீதிபதிகளே அவரிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். அவருக்கு ஒரே காலையில் வெவ்வேறு அறைகளில் வழக்கு இருக்கும். ஜூனியருடைய வேலை, அவர் வரும்வரை வழக்கைப் பிடித்து வைப்பது.

அதற்கு ஒரு முறை உண்டு. டவாலி வாசலில் நின்று வழக்கைக் கூப்பிடுவார். வக்கீல் வந்து சேரவில்லை என்றால் அவர் சார்பில் யாராவது எழுந்து "பாஸ்ஓவர்" கேட்பார்கள். நீதிபதி அந்த வழக்குக் கட்டை ஓரமாக வைத்துவிடுவார். மற்ற வழக்குகள் முடிந்ததும் இரண்டாவது முறை கூப்பிடுவார்கள். உன் ஆள் வராவிட்டால் நீ கேட்பாய். எதிராளியின் வக்கீல் வராவிட்டாலும் நீதான் கேட்பாய். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இதை மீறியவரை அந்தக் கட்டடத்தில் பலநாள் யாரும் டீ குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். இன்று அவர் வண்டி பஞ்சர், நாளை உன் வண்டி பஞ்சர்.

அவள் மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடிப் பாஸ்ஓவர் கேட்டாள். "பாஸ்ஓவர் பாப்பா" என்று பெயர் வந்தது. வைத்தவர் குடை வக்கீல்.

அவர் கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார், யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அடையாளத்துக்காக வழக்குக் கட்டு கட்டும் சிவப்பு நாடாவைக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றியிருந்தார். "பாப்பா, நீ கேக்குற பாஸ்ஓவர்லதான் இந்தக் கோர்ட்டே ஓடுது" என்பார். "நீ ஒருநாள் லீவு போட்டா ஜட்ஜு சாப்பாட்டுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுவாரு." அவருக்கு எதிர்த்தரப்பில் நிற்கும் ஜூனியர்களிடமும் இதே பேச்சுத்தான். நீதிமன்றத்தில் அவளை ஒரு ஆளாக மதித்த முதல் மனிதர்.

சீனியரிடம் வழக்கைக் கொடுத்திருந்த கட்சிக்காரர் ஒரு கட்டடத்துக்குச் சொந்தக்காரர். முன்பக்கக் கடையில் தையல் மெஷின் போட்டிருந்த ஒரு பெண்மணியைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். தையல்காரம்மாவுக்குக் குடை வக்கீல். வழக்கு வருடக்கணக்காக நடந்து, கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது.

அந்த வாரம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கதை கொண்டுவந்தார். அவளோடு பள்ளியில் படித்த பெண் அங்கே டாக்டராக வந்திருந்தாள். வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, உங்க பொண்ணு இப்ப எங்க என்று கேட்டிருக்கிறாள்.

"கோர்ட்ல இருக்காம்மான்னேன். 'அய்யோ, என்ன கேஸ்?'னு கேட்டா பாரு! சுத்தி நின்னவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"வக்கீல்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா.

"சொன்னேனே. 'எந்தக் கேஸ் ஜெயிச்சா?'னு அடுத்த கேள்வி வருது. ஜூனியர்னா இன்னும் படிக்கிறாளான்னு கேக்கறாங்க. அவ ஒரு கேஸ் ஜெயிக்கட்டும், நானே போய்ச் சொல்றேன்."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, மழை வரட்டும் குடை வாங்கலாம் என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அது உள்ளே போய்த் தங்கியது.

தையல் வழக்குக்கு முந்தின நாள் மாலை, மாடிப்படியில் குடை வக்கீல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடிச் சுவரில். மறு கையில் குடை.

"பாப்பா, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன். நெஞ்சுல என்னவோ பிசையுது. வாயுவாத்தான் இருக்கும். நம்ம தையல் கேஸைக் கூப்பிட்டா ஒரு பாஸ்ஓவர் சொல்லி வை. ரெண்டாவது தடவை கூப்பிடும்போது வந்து நின்னுடுவேன்."

"சரிங்க சார்."

"அந்தம்மாவைக் கடையைப் பாத்துக்கச் சொல்லிட்டேன். பாவம், இங்க வந்து என்ன பண்ணப் போவுது?"

"சரிங்க சார், நான் சொல்லிடறேன்."

மறுநாள் சீனியர் வெளியூரில். "குடை எப்படியும் வாய்தா கேப்பார். நீ சும்மா நின்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டவாலி கூப்பிட்டார். அவள் எழுந்தாள். எதிர்த்தரப்பு நாற்காலி காலி. வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. அதைச் சொல்ல யோசிக்கவே வேண்டாம், தும்மல் மாதிரி தானாக வரும்.

நீதிபதி தலை நிமிர்ந்தார். "இது பழைய கேஸ். நீங்க ரெடியா?"

அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. எத்தனையோ நாள் அதே இடத்தில் நின்றிருக்கிறாள், மற்றவர்கள் வருவதற்காக.

"ரெடிங்க ஐயா."

"எதிர்த்தரப்பு வக்கீல் வர்றாரா? ஏதாவது தெரியுமா?"

"தெரியலைங்க ஐயா."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு வயதான வக்கீல் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். நீதிபதி அவள் பக்கத்து வாதத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். தடுமாறியிருந்தால்கூடப் பின்னாளில் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தடுமாறவில்லை. மிக நன்றாகப் பேசினாள். எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை, கடையைக் காலி செய்ய வேண்டும் என்று ஒருதலையாகத் தீர்ப்பாயிற்று. அந்த வழக்கை இரண்டாவது முறை கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்திருந்தது. சித்தப்பா தட்டச்சை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருந்தார். அம்மாவே வாசலுக்கு வந்து நின்றாள். "வாங்க வக்கீலம்மா" என்றாள். அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை.

அப்பா கொஞ்ச நேரத்தில் வந்தார். முகமெல்லாம் பல்.

"ரெண்டு பெட்டி வாங்கினேன். ஒண்ணு டிரைவருங்களுக்கு. ஒண்ணு டாக்டர் ரூமுக்கு. அந்தப் பொண்ணு கையிலேயே கொடுத்தேன். 'எடுத்துக்கோங்க டாக்டர், எங்க பொண்ணு கேஸ் ஜெயிச்சுட்டா'ன்னு சொன்னேன். ரெண்டு எடுத்துக்கிச்சு."

"ஊருக்கெல்லாம் இனிப்பு. வீட்டுக்கு மட்டும் ஒரு ஓட்டைக் குடையா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவள் அவர் கையைப் பார்த்தாள். கைப்பிடியில் சிவப்பு நாடா.

"இது என்னுது இல்ல. காலையில ஏத்தின ஆளு வண்டியிலேயே விட்டுட்டாரு. உங்க கோர்ட்டு ஆளுதாம்மா, வக்கீல். ஆஸ்பத்திரியில காட்டியிருக்காரு. உடனே அட்மிட் ஆகணும்னு சொல்லியிருக்காங்க. மனுஷன் கேக்கலை. கேஸ் இருக்குன்னு கிளம்பிப் போய் பஸ் ஸ்டாப்ல விழுந்துட்டாரு."

"ஹார்ட்டா?"

"ஆமா. பிழைச்சுக்குவாரு. ஆனா வழி பூரா பேச்சு. பேசாதீங்க சார்னா கேட்டாத்தானே? கேஸு கேஸுங்கறாரு. அப்புறம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிறாரு. 'பரவாயில்ல, பாப்பா பாஸ்ஓவர் சொல்லியிருக்கும்'னு. அதைச் சொன்னப்புறம்தான் நிம்மதியா கண்ணை மூடினாரு. நான் பயந்தே போயிட்டேன்." அப்பா குடையை ஆணியில் மாட்டிவிட்டு அவளோடு சாப்பிட உட்கார்ந்தார். "நீதான் அங்க போறியே, கொடுத்துடு. ஆமா, பாஸ்ஓவர்னா என்னம்மா?"

அவள் சொன்னாள். பரீட்சையில் எழுதுவதுபோல, இன்னார் வராவிட்டால் இன்னார் கேட்பது, பிறகு மறுபடி கூப்பிடுவது என்று வரிசையாகச் சொன்னாள்.

"நல்ல பழக்கமாத்தான் இருக்கு. அப்ப அந்தப் பாப்பா சொல்லியிருக்கும், இல்ல?"

அவள் கை கழுவ எழுந்தாள். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"சொல்லியிருக்கும்" என்றாள்.

மறுநாள் குடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். வார்டு வாசலிலேயே அவர் மனைவி வழிமறித்தார்.

"கேஸ் என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரும்மா. நல்லதா ஒரு வார்த்தை சொல்லிடு. அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னுட்டாங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். குடை வக்கீல் தலையைத் திருப்பினார். முகம் சுண்டியிருந்தது. கேள்வி மட்டும் பழைய குரலில் வந்தது.

"சொன்னியா பாப்பா?"

"தள்ளி வச்சிருக்காங்க சார்."

"அதானே." அவர் தையல்காரம்மாவைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? பாப்பா இருக்கும்போது என்ன பயம்?"

தையல்காரம்மா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல் நுனி. "எதிர்க்கட்சியா இருந்தும் இந்த உதவி பண்ணியிருக்கீங்களே, நல்லா இருக்கணும்மா" என்றார். பிறகு அவள் தோளைப் பார்த்தார். "கோட்டுல தையல் விட்டிருக்கே. கடைக்கு வாங்க, ஒரு நிமிஷத்துல அடிச்சுத் தரேன்."

அவள் குடையை நீட்டினாள். "நீயே வச்சிரு" என்றார் அவர். "இங்க வச்சா மறந்துட்டுப் போயிடுவேன்."

குடை மறுபடி வீட்டு ஆணிக்கு வந்தது. காலையில் வெளியே போகும்போதும் மாலையில் உள்ளே வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட ஒரு கெடு உண்டு. அது ஓடிக்கொண்டிருந்தது. மனுப் போட வேண்டியவர் படுக்கையில் நிம்மதியாக இருந்தார். போட வேண்டும் என்று தெரிய வேண்டியவர் கடையில் அவளை வாழ்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் அப்படி உட்கார வைத்தவள் அவள்.

சீனியர் திரும்பி வந்ததும் போய்ச் சொன்னாள்.

"அவர் வரலை. தீர்ப்பாச்சு. இதுல உன் தப்பு என்ன?"

"வருவாருன்னு எனக்குத் தெரியும் மேடம். தெரியாதுன்னு சொன்னேன்."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை ஏன் என்கிட்ட சொல்ற? நான் கேக்கவே இல்லையே."

"கோர்ட்ல சொல்லப் போறேன்."

"நம்ம கட்சிக்காரர் நம்மளை நம்பிக் கேஸைக் கொடுத்தவர். அவர் ஜெயிச்சதை நீயே போய் உடைச்சா அதுக்குப் பேர் என்ன? அதுவும் துரோகம்தான்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சே செய்யணும்னா வெளியில போய்ச் செய். இந்த ஆபீஸ்ல ஒரு காலும் அங்க ஒரு காலும் வச்சு நிக்க முடியாது." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "நீ அன்னைக்கு நல்லாப் பேசினியாமே. ஜட்ஜே சொன்னாராம். வீணாக்கிட்டியே."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் அவளுக்கு அந்த இரண்டும் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைச் செய்ய ஆஸ்பத்திரி முற்றத்துக்குப் போனாள்.

அப்பா வண்டி கழுவிக்கொண்டிருந்தார். மத்தியான வெயில். ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் சக்கரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா, அந்தக் குடைக்காரர் சொன்ன பாப்பா நான்தான்."

"நீயா? நல்லதாப் போச்சு. அப்ப நீ..." அவர் நிறுத்தினார்.

"நான் பாஸ்ஓவர் சொல்லலை. அவர் வருவாருன்னு தெரிஞ்சும் தெரியாதுன்னு சொன்னேன். அதனாலதான் ஜெயிச்சேன்."

குழாய் அவர் கையிலேயே இருந்தது. ஒரே சக்கரம் நனைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் ஓடி அவள் செருப்பைத் தொட்டது.

"நான் இனிப்பு கொடுத்துட்டேனேம்மா" என்றார்.

அலமாரியும் சுவரில் இறங்கிய எறும்பும் கண்முன்னே வந்து நின்றன. இரண்டாவது தடவை.

"ஒரு கேஸ் ஜெயிக்கட்டும்னு நான்தான் சொன்னேன், இல்ல?"

"நீங்க சொன்னதால இல்லப்பா."

அதுவும் பொய்தான். அவள் சொன்ன பொய்களில் அதை மட்டும் கடைசிவரை திருத்தவில்லை.

அப்பா குழாயை மூடினார். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "கோர்ட்டுக்கு நீ போ. டாக்டர் ரூமுக்கு நான் போறேன்."

"நீங்க எதுக்குப்பா?"

"கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. சொன்னதையாவது திருப்பி வாங்கிக்கிறேன்."

போனார். அங்கே என்ன சொன்னார், அந்தப் பெண் டாக்டர் என்ன பதில் சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவளுடைய நாக்குக்குக்கூட அன்றைக்கு வேலை இல்லை.

அவள் தையல் கடைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. துணி முடிந்த பிறகும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. "அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சேனே" என்று மட்டும் சொன்னார். வேறொரு வக்கீல் அவருக்காக மனுப் போட்டார். அதோடு, நடந்ததை எழுதிக் கொடுத்த அவளுடைய பிரமாணப் பத்திரமும் சேர்ந்து போயிற்று. நீதிபதி அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"அன்னைக்கு நான் கேட்டப்போ தெரியலைன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேங்க ஐயா."

"இப்போ ஏன் சொல்றீங்க?"

"அவர் நான் சொல்லியிருப்பேன்னு நம்பிப் படுத்திருக்காருங்க ஐயா."

நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னார். பிறகு அவளிடம், "அடுத்த தடவை நீங்க தெரியலைன்னு சொல்லும்போது நான் நம்பணும்னா ரொம்ப காலம் ஆகும்" என்றார். அதில் கோபம் இல்லை.

குடை வக்கீல் தேறி வந்தபோது அவள் அவரைப் படிக்கட்டில் பார்த்துக் குடையைக் கொடுத்தாள். யாரோ அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள். அவர் குடையை வாங்கி, நாடா சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"வணக்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அவளை ஒருபோதும் பாப்பா என்று கூப்பிடவில்லை. மரியாதையாகவே பேசினார். மரியாதையைப்போல ஒரு தண்டனை இல்லை என்று அவள் அப்போது கற்றுக்கொண்டாள்.

தையல் வழக்கு முழுதாக நடந்தது. தையல்காரம்மா தோற்றார். உண்மையிலேயே அவர் பக்கம் பலம் இல்லை. அன்றைக்கு அவள் பாஸ்ஓவர் கேட்டிருந்தாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். இதைச் சிலர் அவளிடம் ஆறுதலாகச் சொன்னார்கள். அவள் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு எந்த அலுவலகமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சித்தப்பாவின் தட்டச்சு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சின்ன வழக்குகள் வந்தன: ஜீவனாம்சம், வாடகை, அண்ணன் தம்பி சுவர்த் தகராறு. நிறையத் தோற்றாள், நிறைய ஜெயிக்கவும் செய்தாள். கல்யாணம் ஆயிற்று. ஒரு மகன் பிறந்தான். மேசை மரத்தடியிலிருந்து ஒரு சின்ன அறைக்குள் போயிற்று. அவளுக்கு மேடம் என்று பெயர் மாறியது. எந்த வெற்றிக்கும் வீட்டில் இனிப்பு வாங்க விட்டதில்லை. கட்சிக்காரர் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அப்பா ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும், "பொண்ணு கோர்ட்ல இருக்கா" என்றே சொன்னார். "என்ன கேஸ்?" என்று யாராவது பழைய நகைச்சுவையை எடுத்தால், "எல்லாக் கேசும்தான்" என்பார்.

எதிர்த்தரப்பு வக்கீல் வராத நாளில் டவாலி கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் எழுந்துவிடுவாள். அவர் வருவார், பாஸ்ஓவர் வேண்டும் என்பாள். அவர் வரப்போவதில்லை என்று தெரிந்த நாளிலும் எழுந்து, தெரிந்ததை அப்படியே சொல்லி அவகாசம் கேட்பாள். இதனால் அவளைவிட்டுப் போன கட்சிக்காரர்கள் உண்டு.

மகன் லிஃப்ட் பழுதுபார்க்கும் பொறியாளர். எதையும் அவிழ்த்துப் பார்க்காமல் நம்பாதவன். "ஏம்மா எப்பவும் எதிராளிக்காகவே நிக்கிறே?" என்று ஒருமுறை கேட்டான். அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அது கொதிப்பதற்குள் இவ்வளவையும் சொல்லி முடித்தாள்.

"பழுது எங்க ஆரம்பிச்சுதுன்னு நினைக்கிறே?" என்றான்.

அவள் யோசித்தாள். "ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்கப்பா என்னை நல்லாத் திட்டியிருக்கலாம்" என்றாள். சொன்னவுடன், "இல்ல, அவர் மேல போடக் கூடாது" என்று தானே அதை அடித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அவள் ஒரு வேலைநாளின் காலையில் இறந்தாள். கோட்டு நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. அன்றைய கட்டு பைக்குள் இருந்தது. மகன் டாக்டருக்குச் சொன்னான், உறவுக்காரர்களுக்குச் சொன்னான், அமரர் ஊர்திக்குச் சொன்னான். எதையும் விடாமல் செய்வதாக நினைத்தான். நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவளுடைய போன் அடித்தது. பேசியது ஒரு இளைஞன். எதிர்த்தரப்பு வக்கீல் என்று சொன்னான். பின்னால் டவாலியின் குரல் கேட்டது.

"மேடம் கிளம்பிட்டாங்களா சார்? இவ்வளவு நேரம் ஆகாதே. ஒண்ணும் அவசரம் இல்லைன்னு சொல்லுங்க. நான் பாஸ்ஓவர் வாங்கி வச்சிருக்கேன். ரெண்டாவது தடவை கூப்பிடும்போது வந்தாப் போதும்."